வீட்டில் செய்யும் புரோட்டீன் பார்: எல்லாம் தண்ணீர்க் கணக்கு

வீட்டில் புரோட்டீன் பார் செய்து பார்த்தவர்களைக் கேட்டால், குறை பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். வெட்டும்போதே உதிர்ந்துவிட்டது. அல்லது முதல் நாள் அருமையாக இருந்தது, நான்காம் நாள் கடிக்கவே முடியவில்லை. அல்லது டப்பாவைத் திறந்தால் பூஞ்சை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி மருந்தைத் தேடி அலைகிறோம்: இன்னும் கொஞ்சம் தேன், ஓவனில் இன்னும் கொஞ்ச நேரம், விலை கூடிய வேறொரு பவுடர். ஆனால் மூன்றின் வேரும் ஒன்றுதான். அந்தக் கலவைக்குள் இருக்கும் கொஞ்சநஞ்சத் தண்ணீர் எதோடு ஒட்டியிருக்கிறது, அடுத்து எங்கே போகப் பார்க்கிறது என்பதே அந்த வேர். இது பிடிபட்டுவிட்டால், கையில் இருக்கிற பொருளை வைத்தே அதிகச் செலவில்லாமல் நல்ல பார் செய்துவிடலாம்.

கடையில் விற்கும் பாருக்குள் ஏதோ ஆய்வகத்து ரகசியம் இருப்பதாக நினைக்க வேண்டியதில்லை. இன்றைய பார் சந்தைக்கு வழிகாட்டிய பவர்பார், கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஒரு வீட்டுச் சமையலறையில்தான் உருவானது. மாரத்தான் ஓட்டக்காரரான பிரையன் மேக்ஸ்வெல்லும் ஜெனிஃபர் பிடல்ஃபும் கலவையை மாற்றி மாற்றிச் செய்து பார்த்து, 1986இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கும் முன்னால், 1960களின் இறுதியில், பில்ஸ்பரி நிறுவனம் விண்வெளி உணவு ஆராய்ச்சியிலிருந்து பிறந்த ‘ஸ்பேஸ் ஃபுட் ஸ்டிக்ஸ்’ என்ற மெல்லும் குச்சிகளை விற்றது.

தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் காலம்தான். தொழிற்சாலைப் பார் பல மாதங்கள் கிடங்கிலும் லாரியிலும் கடை அலமாரியிலும் கிடந்துவிட்டு, அதற்குப் பிறகும் மெத்தென்று இருந்தாக வேண்டும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசராலும், மால்டிட்டால் என்ற சர்க்கரை மாற்றும், சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட புரதமும், பளபளக்கும் உலோக உறையும் பெரிதும் அதற்காகவே. நாம் செய்வது ஒரு வாரத்தில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே அந்தப் பொருள்களில் பெரும்பாலானவை நமக்கு வேண்டாம். வீட்டுப் பார் மலிவாக முடிவதற்கு இதுவே முதல் காரணம்.

ஒரு பாரை வெட்டிப் பக்கவாட்டில் உற்றுப் பாருங்கள். ஓட்ஸ், பருப்புத் துண்டு, பவுடர் என்று உலர்ந்த துகள்கள் ஒரு பக்கம். அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் பிசுபிசுப்பு இன்னொரு பக்கம். பிசுபிசுப்பிலும் இரண்டு வகை உண்டு: நீரில் கரைந்த அடர்ந்த சர்க்கரை (தேன், பேரீச்சம்பழக் கூழ், பாகு), பிறகு எண்ணெய் (கடலை வெண்ணெய் போன்றவை). ஒட்டும் வேலை சர்க்கரைக் கரைசலுடையது. அதன் மூலக்கூறுகள் துகளின் மேற்பரப்போடும் ஒன்றோடொன்றும் ஹைட்ரஜன் பிணைப்பால் கோத்துக்கொள்கின்றன. தண்ணீர் குறையக் குறையப் பிடி இறுகுகிறது. எண்ணெய் ஒட்டாது, வழுக்கும். மென்மையும் வாயில் கரையும் தன்மையும் அதனிடமிருந்து வருகின்றன.

இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் நடப்பதை ஒரு கிண்ணத்திலேயே பார்க்கலாம். வெறும் வறுத்த கடலையை மிக்ஸியில் நன்றாக அரைத்தால் வழியும் பதத்தில் கடலை வெண்ணெய் கிடைக்கும். அது எண்ணெயில் மிதக்கும் நுண்துகள்களின் கூட்டம். தண்ணீர் அநேகமாக இல்லை. அதில் இரண்டு தேக்கரண்டி தேன் விட்டுக் கரண்டியால் கிளறுங்கள். தேனும் திரவம், இதுவும் திரவம் என்பதால் இன்னும் இளகும் என்றுதான் தோன்றும். நாலைந்து சுற்று வரை அப்படியேதான் போகும். பிறகு திடீரென்று கரண்டி கனக்கும். கலவை கிண்ணத்தின் சுவரை விட்டு விலகிச் சப்பாத்தி மாவைப் போல ஒரே உருண்டையாகத் திரளும். இன்னும் கிளறினால் ஓரங்களில் எண்ணெய் பளபளவென்று கசியும். தேனிலிருந்த கொஞ்சம் தண்ணீர், எண்ணெய்க்குள் தனித்தனியே வழுக்கிக்கொண்டிருந்த புரத, மாவுச்சத்துத் துகள்களை நனைத்து ஒன்றோடொன்று இணைத்துவிட்டது. நனைந்த துகள்கள் சேர்ந்துகொள்ள, எண்ணெய் வெளியே தள்ளப்படுகிறது. பார் உருவாகும் தருணம் அதுதான். ஓவனோ சிறப்புக் கருவியோ இல்லாமல் ஒட்டிவிடுகிறது என்பதை அந்தக் கரண்டியின் கனமே சொல்லிவிடும்.

அடுத்தது கெட்டுப்போவது. ஓர் உணவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு நுண்ணுயிரின் கைக்கு எட்டும்படி சும்மா இருக்கிறது என்பதே முக்கியம். இதை அளக்கும் எண்ணுக்கு நீர்ச் செயல்பாடு என்று பெயர். தூய நீருக்கு 1. ஈரமே இல்லாத பொருளுக்கு 0. ஆஸ்திரேலியாவின் வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட் 1950களில் செய்த ஆய்வுகளால் உணவுப் பாதுகாப்பில் இந்த எண்ணுக்கு இன்றைய இடம் கிடைத்தது. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91க்குக் கீழே பெருகாது. உணவை நஞ்சாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பிடிவாதக்காரி. காற்றுள்ள இடத்தில் 0.86 வரை தாக்குப்பிடிக்கும். சாதாரணப் பூஞ்சைகள் 0.8க்குக் கீழே தளர்ந்துவிடும். உலர்வைத் தாங்கும் சில பூஞ்சைகளும் ஈஸ்ட்டுகளும் மட்டுமே அதற்கும் கீழே போகும். 0.6க்குக் கீழே எதுவும் வளராது.

சர்க்கரை இந்த எண்ணை எப்படிக் குறைக்கிறது? கரைந்திருக்கும் ஒவ்வொரு மூலக்கூறும் தன்னைச் சுற்றியுள்ள நீரின் சுதந்திரத்தைக் கொஞ்சம் பறிக்கிறது. எத்தனை கிராம் கரைந்தது என்பதைவிட எத்தனை மூலக்கூறு கரைந்தது என்பதே பெரிது. சாதாரணச் சர்க்கரையான சுக்ரோஸின் மூலக்கூறு எடை 342. தேனிலும் பேரீச்சம்பழத்திலும் உள்ள குளுக்கோஸ், ஃப்ரக்டோஸின் எடை 180. அதாவது ஒரே எடைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு மூலக்கூறுகள். கிளிசரால் இன்னும் சிறியது, 92தான். தொழிற்சாலைகள் அதை விரும்புவதற்கு இது ஒரு காரணம். போதாக்குறைக்கு, சுக்ரோஸ் ஒரு கட்டத்துக்கு மேல் கரையாமல் படிகமாகிவிடும். அதன் நிறைகரைசல் 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 0.85க்குக் கீழே இறங்காது. ஃப்ரக்டோஸ் வெகு எளிதில் கரைவதால், 17, 18 சதவீதம் தண்ணீர் இருந்தும் தேன் 0.6ஐ ஒட்டியே நிற்கிறது. அதனால்தான் அது அலமாரியிலேயே கெடாமல் இருக்கிறது.

தேன் விலை அதிகம் என்றால், வேதியியலைத் துணைக்கு அழைக்கலாம். சர்க்கரையில் அதன் பாதி எடைக்குத் தண்ணீரும் சில துளி எலுமிச்சைச் சாறும் விட்டு, மிதமான தீயில் இருபது நிமிடம் போலக் கொதிக்க விடுங்கள். அமிலமும் வெப்பமும் சேர்ந்து சுக்ரோஸில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துவிடும். அந்தப் பாகு ஆறினாலும் எளிதில் படிகமாகாது. வெப்பமானி இருந்தால் 112லிருந்து 115 டிகிரிக்குள் இறக்குங்கள். ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டால் விரலில் மெத்தென்ற உருண்டையாகத் திரள வேண்டும். அப்போது அதில் சர்க்கரை சுமார் 85 சதவீதம். 150 டிகிரி வரை விட்டுவிட்டால் தண்ணீர் ஓரிரு சதவீதமாகச் சுருங்கிவிடும். ஆறியதும் கண்ணாடி போல நொறுங்கும். மிட்டாய்க்கு அது சரி, மெல்லும் பாருக்கு ஆகாது. கொதிக்கும் பாகு சுடுநீரைவிடச் சூடானது, தோலில் ஒட்டிக்கொள்ளும். குழந்தைகள் அருகில் இல்லாதபோது செய்யுங்கள்.

இந்த அறிவை வைத்துப் பார்த்தால், இணையத்தில் சுற்றும் சில செய்முறைகளின் ஆபத்து உடனே தெரியும். மசித்த வாழைப்பழம் சேர்த்துச் செய்வது அதில் ஒன்று. வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர். அதைச் சேர்த்தால் கிடைப்பது ஒரு வகைக் கேக். பார் போல அலமாரியில் வைக்கக் கூடாது. குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். பாலையோ தயிரையோ ஊற்றிப் பிசைவதற்கும் இதே விதி. கலவை இறுகிவிட்டதென்று ‘ஒரு கை தண்ணீர்’ தெளிப்பதுதான் பலரும் செய்வது. தளர்த்த வேண்டுமானால் தேனையோ கடலை வெண்ணெயையோ கூட்டுங்கள், தண்ணீரைத் தொடாதீர்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: பார் ஏன் நாளாக ஆகக் கல்லாகிறது? காய்ந்துவிட்டது என்றுதான் நினைப்போம். ஆனால் காற்றுப் புகாத உறையில் ஒரு சொட்டு நீர்கூட வெளியேறாமல் இருக்கும் பாரும் இறுகுகிறது. தண்ணீர் வெளியே போகவில்லை. உள்ளுக்குள்ளேயே இடம் மாறுகிறது. கலக்கிய அன்று புரதப் பவுடரின் துகள்கள் உள்ளே உலர்ந்தே இருக்கின்றன. பாகில் இருக்கும் ஈரம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் மெல்ல அந்தத் துகள்களுக்குள் இறங்குகிறது. பாகு நீரை இழந்து கெட்டியாகிறது. நனைந்த புரதங்கள் ஒன்றையொன்று நெருங்கி, கூட்டாகச் சேர்ந்து ஒரு வலையாகின்றன. கந்தக அணுக்கள் வழியே பிணைப்புகளும் உருவாகலாம். மெத்தென்றிருந்தது சில நாளில் ரப்பராகி, பிறகு கட்டையாகிவிடும். பால் பவுடர் போட்டிருந்தால் கூடுதலாக ஒன்று நடக்கும். அதில் ஒழுங்கற்ற நிலையில் இருக்கும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை ஈரத்தை வாங்கியதும் படிகமாகும். நாக்கில் மணல்மணலாக நெருடும்.

வழி என்ன? முதலில், பவுடரை அளவோடு போடுவது. மொத்த எடையில் பாதியைப் பவுடரே பிடித்துக்கொண்டால் எந்தப் பாகும் அதற்கு ஈடுகொடுக்காது. இரண்டாவது, பவுடரை நேரடியாகத் தேனில் கொட்டாமல், முதலில் கடலை வெண்ணெயில் நன்றாகக் குழைத்துவிடுவது. துகள்மேல் எண்ணெய்ப் படலம் படிந்தால் ஈரம் உள்ளே இறங்கத் தாமதமாகும். ஒரு வாரத்துக்கு அந்தத் தாமதமே போதும். மூன்றாவது, குளிரில் வைத்த பார் இறுகியிருந்தால் பதற வேண்டாம். அது கொழுப்பும் பாகும் குளிரால் கெட்டிப்பட்டது. கால் மணி நேரம் வெளியே வைத்தால் இளகும். புரதம் நீரைக் குடித்து இறுகியதுதான் திரும்பி வராது.

சரி, புரதம் எங்கிருந்து? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நூறு கிராம் நிலக்கடலையில் சுமார் 26 கிராம் புரதம், 49 கிராம் கொழுப்பு. புரதம் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. கணக்குப் போட்டால் கடலை தரும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் கொழுப்பிலிருந்து வருகிறது. புரதத்தின் பங்கு ஐந்தில் ஒன்றைக்கூட எட்டாது. வெறும் கடலையும் தேனும் சேர்ந்தால் நல்ல தின்பண்டம் கிடைக்கும், அதைப் புரோட்டீன் பார் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஓட்ஸில் 13 கிராமுக்குக் குறையாமல் இருக்கும். பேரீச்சம்பழத்தில் வெறும் 2. கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் 35. கொழுப்பு நீக்கிய சோயா மாவில் சுமார் 50. பால் திரிந்த நீரிலிருந்து எடுக்கும் வே புரத அடர்வில், வகையைப் பொறுத்து, 80 வரை.

எது மலிவு என்று தெரிய, பாக்கெட்டின் மொத்த விலையை அதிலுள்ள மொத்தப் புரத கிராமால் வகுத்துப் பாருங்கள். பாக்கெட் விலையை மட்டும் பார்த்தால் தவறான முடிவுக்கு வருவோம். மலிவாகத் தெரியும் பொருளில் புரதமே சொற்பமாக இருக்கலாம்; விலை கூடியதாகத் தெரியும் பவுடர் கிராம் கணக்கில் கட்டுபடியாகலாம். கடைப் பாருக்கும் இதே வகுத்தலைச் செய்து பாருங்கள். பூச்சுக்கும் உறைக்கும் விளம்பரத்துக்கும் எவ்வளவு கொடுக்கிறோம் என்பது ஓரளவு புலப்படும்.

அளவைப் போலவே தரமும் உண்டு. புரதத்தைக் கட்டும் இருபது அமினோ அமிலங்களில் ஒன்பதை நம் உடல் தானாகச் செய்துகொள்ள முடியாது. அந்த ஒன்பதில் ஒன்றான லைசின் தானியங்களில் குறைவு; கடலையிலும் அது தாராளமாக இல்லை. ஓட்ஸும் கடலையும் மட்டும் சேர்த்தால் லைசின் பற்றாக்குறை நீடிக்கும். பாலிலும் சோயாவிலும் லைசின் நிறைய உண்டு. ஒரு கை பால் பவுடர் அந்தக் கலவைக்குச் செய்யும் உதவி, அதன் எடையைவிடப் பெரியது.

இந்த லைசினைக் காப்பாற்றுவதற்காகவே பாரை ஓவனில் வைக்காதீர்கள் என்கிறேன். பால் பவுடரும் தேனும் சேர்ந்து சூடானால், தேனின் குளுக்கோஸும் பாலின் லாக்டோஸும் லைசினைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். 1912இல் லூயி கமிய் மயார் விவரித்த வினை இது. பொன்னிறமும் வாசனையும் இதன் பரிசு. பிடிபட்ட லைசின் உடலுக்குப் பயன்படாது. இந்த வினை மிக வேகமாக நடப்பது நீர்ச் செயல்பாடு 0.6லிருந்து 0.8க்குள். பார் அந்த வட்டாரத்தையோ அதன் ஓரத்தையோ சேர்ந்தது என்பதால், அலமாரியில் சும்மா கிடந்தாலும் அது மெல்லப் பழுப்பேறும். வறுக்க வேண்டியதைத் தனியே, முன்பே வறுத்துக்கொண்டு, பவுடரைச் சூடு காட்டாமல் கடைசியில் சேர்ப்பதே நல்லது. பச்சைச் சோயா மாவு மட்டும் விதிவிலக்கு. டிரிப்சின் என்ற செரிமான நொதியைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. அதைச் செயலிழக்கச் செய்ய வெப்பம் வேண்டும். ஏற்கெனவே வெப்பப் பதமிட்ட மாவை வாங்குவதே சுலபம்.

இனி கையில் எடுப்போம். நிலக்கடலை 150 கிராம், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 100, ஓட்ஸ் 100, கொட்டை நீக்கிய மென்மையான பேரீச்சம்பழம் 100, தேனோ நாம் காய்ச்சிய பாகோ 60. கடலையையும் ஓட்ஸையும் தனித்தனியே வறுத்து முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே நீராகிவிடும். கடலையில் மூன்றில் இரண்டு பங்கை எண்ணெய் விடும் வரை அரையுங்கள். மீதியை ஒன்றிரண்டாக உடைத்து வையுங்கள். அரைத்ததில் பால் பவுடரைக் கட்டியில்லாமல் குழையுங்கள். பேரீச்சம்பழத்தைத் தேனோடு சேர்த்து விழுதாக்கி அதில் போட்டுக் கிளறுங்கள். கரண்டி கனக்கத் தொடங்கும். அப்போது ஓட்ஸையும் உடைத்த கடலையையும் ஒரு சிட்டிகை உப்பையும் போட்டுக் கையால் பிசையுங்கள். தாள் விரித்த தட்டில் கொட்டி, அடிப்பக்கம் தட்டையான ஒரு கிண்ணத்தால் உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். இந்த அழுத்தத்தில் சோம்பக் கூடாது. துகள்களுக்கிடையே காற்று நிற்கும் இடமெல்லாம் பின்னால் உதிரும் இடம். ஒரு மணி நேரம் குளிரில் வைத்துவிட்டு வெட்டுங்கள்.

பத்துத் துண்டாக்கினால் ஒவ்வொன்றும் 50 கிராம் போல இருக்கும். தலா சுமார் 9 கிராம் புரதம், 200 கலோரிக்குக் கொஞ்சம் மேல். பால் பவுடருக்குப் பதில் 80 சதவீத வே பவுடர் போட்டால் 13 கிராமாகும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 0.83 கிராம், 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். ஆகவே இந்தப் பார் ஒரு வேளைக்கான துணை. சாப்பாட்டை நிறுத்திவிட்டு இதையே நம்ப வேண்டாம்.

முதல் நாள் மொறுமொறுப்பாக இருந்த ஓட்ஸ் மறுநாள் தளர்ந்திருக்கும். நீர்ச் செயல்பாடு கூடிய பேரீச்சம்பழத்திலிருந்து குறைந்த ஓட்ஸுக்கு, இரண்டும் சமமாகும் வரை ஈரம் நடந்துகொண்டே இருக்கும். ஓட்ஸை முன்கூட்டியே சிறிது கடலை வெண்ணெயில் புரட்டிவைத்தால் அந்த நடை மெதுவாகும்.

தண்ணீர்க் கணக்கில் வராத ஒரு கேடும் உண்டு: எண்ணெய் சிக்கடிப்பது. காற்றும் வெளிச்சமும் சூடும் கொழுப்பை ஆக்சிஜனேற்றம் செய்யும். அரைத்த ஆளி விதை போன்றவற்றில் இது சீக்கிரம் நடக்கும். அதை முழு விதையாகச் சேருங்கள், அல்லது அன்றன்று அரையுங்கள். பாரைத் தனித்தனியே தாளில் சுற்றி, மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால் பூஞ்சை, பழுப்பேறுதல், சிக்கு மூன்றும் மந்தமாகும். பூஞ்சை பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய கடலையை ஒன்றுகூட விடாமல் பொறுக்கி எறியுங்கள். அஃப்ளாடாக்சின் என்ற நச்சு வறுப்பதால் முழுதாக அழியாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும் கொடுக்கக் கூடாது. பாட்டுலிசம் என்ற கடும் நச்சுநோயைத் தரும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்க வாய்ப்புண்டு. கடலையும் பாலும் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தருபவை என்பதால், பிறருக்குக் கொடுக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

வெட்டிய துண்டை இரு முனையிலும் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். கொஞ்சம் வளைந்து, பிறகு நார் விட்டாற்போல் பிரிந்தால் பதம் சரி. வளையாமல் பொடிந்தால் பாகு போதவில்லை. மொத்தத்தையும் திரும்பக் கிண்ணத்தில் போட்டு ஒரு கரண்டி தேன் சேர்த்துப் பிசையலாம். தொய்ந்து கையில் அப்பிக்கொண்டால் வறுத்த ஓட்ஸை ஒரு பிடி பொடித்துச் சேருங்கள், பால் பவுடரைக் கூட்டாதீர்கள். பவுடர் இன்றைக்குக் கையில் ஒட்டுவதை நிறுத்திவிடும். மூன்று நாள் கழித்துப் பாரைக் கல்லாக்கிவிடும்.